36 லட்சம் துப்பாக்கி, 44 லட்சம் பேர்

2017 பிப்ரவரியில் நான் ஒரு வரைபடம் போட்டேன். அதைப் பற்றி வெளியே சொல்ல இத்தனை வருடம் கழித்துத்தான் தைரியம் வந்திருக்கிறது.

அப்போது லூயிவில்லுக்குக் குடிவந்து அரை வருடம்கூட ஆகவில்லை. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் பெரிய ஊர், குதிரைப் பந்தயத்துக்கும் பேர்பன் விஸ்கிக்கும் பேர் போனது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒருவர் தனக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம். வேலை சம்பந்தப்பட்டதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஒருவர் தேனீ வளர்ப்பைப் பற்றிப் பேசியிருந்தார். இன்னொருவர் தன் தாத்தாவின் பாஞ்சோவைக் கொண்டுவந்து வாசித்தே காட்டிவிட்டார். என் முறை வந்தது. எண்களை வைத்துப் பிழைப்பவன், ஊருக்குப் புதியவன் வேறு. நான் எடுத்துக்கொண்ட தலைப்பு: எந்த மாநிலத்துக்காரர்கள் அதிகம் துப்பாக்கி வாங்குகிறார்கள்?

தரவைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கடையில் துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியைச் சரிபார்க்கச் சொல்லி எந்த மாநிலத்திலிருந்து எத்தனை கோரிக்கை வந்தது என்று எஃப்.பி.ஐ. மாதாமாதம் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. 'பேக்கிரவுண்ட் செக்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். செய்திகளில் அதையே 'துப்பாக்கி விற்பனை' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். 2016-க்கான மொத்தத்தை ஒவ்வொரு மாநிலத்தின் மக்கள்தொகையாலும் வகுத்து, கம்பம் கம்பமாக நிறுத்தினேன்.

கென்டக்கிக்கு 36 லட்சத்து 76 ஆயிரம் செக். மக்கள்தொகை சுமார் 44 லட்சம். தொட்டில் குழந்தையிலிருந்து முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் வரை கிட்டத்தட்ட ஆளுக்கொரு துப்பாக்கி, அதுவும் ஒரே வருடத்தில். நாடு முழுவதும் நடந்த 2 கோடியே 75 லட்சம் செக்குகளில் நூற்றுக்குப் பதின்மூன்று இந்த ஒரு சின்ன மாநிலத்தில். டெக்சாஸும் கலிபோர்னியாவும் வரப்புப் புல் மாதிரி கீழே கிடக்க, நடுவில் கென்டக்கி ஒற்றைப் பனையாக நின்றது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வெளியிலிருந்து வந்தவன் இந்த ஊரைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வந்தானோ, அதற்கு அந்த எண் அப்படியே தலையாட்டியது. வேறு யாராவது இப்படி ஒரு கம்பத்தைக் காட்டியிருந்தால், தரவில் எங்கோ கோளாறு, போய்ப் பாருங்கள் என்று முதலில் சொல்லியிருப்பவன் நான்தான்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். ஐம்பது தாண்டியவர், கிழக்குக் கென்டக்கியின் மலைப்பக்கம் பிறந்து வளர்ந்தவர், அதிகம் பேசாதவர்.

"அந்தக் கம்பத்துக்குள் நான் பன்னிரண்டு தடவை இருக்கிறேன். போன வருஷம் நான் ஒரு துப்பாக்கிகூட வாங்கவில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், ஆனால் அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. அப்புறம் காபி எடுக்கப் போன இடத்தில் விளக்கினார். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான பெர்மிட் அவரிடம் இருக்கிறது. பெர்மிட் வைத்திருக்கும் எல்லோரையும் கென்டக்கி அரசு மாதத்துக்கு ஒரு தடவை அந்த எஃப்.பி.ஐ. அமைப்பில் போட்டுச் சலித்துப் பார்க்கிறது. போன மாதம் நல்லவனாக இருந்தவன் இந்த மாதம் ஏதாவது வழக்கில் மாட்டியிருந்தால் பெர்மிட்டை ரத்து செய்ய வேண்டுமே, அதற்காக. 2006-இலிருந்து இப்படித்தான். ஆக, மூன்று லட்சம் பேரிடம் பெர்மிட் இருந்தால், யாரும் கடைவாசலை மிதிக்காமலே வருடத்துக்கு 36 லட்சம் செக் வந்துவிடும்.

அன்று மாலை பட்டியலை மறுபடி திறந்தேன். எல்லாம் அதிலேயே தனித்தனிப் பத்தியாக இருந்தது: கைத்துப்பாக்கி, நீளத் துப்பாக்கி, பெர்மிட், பெர்மிட் மறுசோதனை, அடகு. நான் கடைசிப் பத்தியான மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தேன். கென்டக்கியின் கணக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு பெர்மிட் சம்பந்தப்பட்டதுதான். அதைக் கழித்ததும் பனைமரம் சாய்ந்துவிட்டது. இவை தொடங்கப்பட்ட செக்குகளின் எண்ணிக்கை, விற்ற துப்பாக்கிகளின் எண்ணிக்கை அல்ல, இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்று கணக்குப் போட முடியாது என்று அந்த ஆவணத்திலேயே எஃப்.பி.ஐ. எழுதிவைத்திருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்?

அவர் சொன்னதில் இன்னொரு பாதி உண்டு. அது எனக்குச் சில வாரம் கழித்துத்தான் உறைத்தது. கென்டக்கியின் பெர்மிட்டை மத்திய அரசு செக்குக்கு மாற்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெர்மிட் வைத்திருப்பவர் கடைக்குப் போய் உண்மையிலேயே துப்பாக்கி வாங்கும்போது, படிவத்தை நிரப்பி பெர்மிட்டைக் காட்டினால் போதும். செக் கிடையாது. அதாவது, வாங்காத மாதமெல்லாம் அவர் கணக்கில் இருக்கிறார். வாங்கும் நாளில் இல்லை! கூடுதலாகக் காட்டுகிற பட்டியல் என்று நான் நினைத்திருந்தேன். அதே மாநிலத்தில், அதே ஆட்களை வைத்தே, அது குறைத்தும் காட்டுகிறது.

இந்த ஏற்பாடு எதற்காக வந்தது என்று தெரிந்தால் இந்தக் குளறுபடி புரியும். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஒரு ஓட்டல் வாசலில் அதிபர் ரீகனை ஒருவன் சுட்டான். அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடிக்குத் தலையில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், மீதி வாழ்நாளைச் சக்கர நாற்காலியில் கழித்தார். அவர் பெயரில் வந்த சட்டத்தில் 1993 நவம்பர் 30 அன்று கிளின்டன் கையெழுத்திட்டார். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1998 நவம்பர் 30 அன்று, கணினி வழியாக உடனடியாகச் சரிபார்க்கும் அமைப்பு தொடங்கியது. சுருக்கமாக 'நிக்ஸ்' என்பார்கள். மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் என்கிற ஊரில் இருக்கிறது.

வேலை செய்யும் விதம் எளிது. வாங்குபவர் கடையில் 4473 என்கிற படிவத்தை நிரப்புகிறார். தண்டனை பெற்றிருக்கிறீர்களா, போதைப்பொருள் பழக்கம் உண்டா, குடும்ப வன்முறை வழக்கு உண்டா என்று கேள்விகள் போகும். கடைக்காரர் போனிலோ கணினியிலோ நிக்ஸைக் கேட்கிறார். தரலாம், பொறுங்கள், தரக்கூடாது என்று மூன்றில் ஒரு பதில் வரும். பொறுக்கச் சொல்லி மூன்று வேலைநாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் தன் விருப்பப்படி விற்கலாம். அது தனிப் பெருங்கதை, இங்கே வேண்டாம்.

இதில் நமக்கு வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. கடைக்காரர் நிக்ஸிடம் ஆளைப் பற்றித்தான் சொல்கிறார், பொருளைப் பற்றி அல்ல. கைத்துப்பாக்கியா, நீளத் துப்பாக்கியா, வேறு வகையா என்பதோடு சரி. என்ன தயாரிப்பு, என்ன வரிசை எண், எத்தனை என்பதெல்லாம் போகாது. ஒரே ஆள் ஒரே நாளில் மூன்று கைத்துப்பாக்கி வாங்கினாலும் ஒரு செக்தான். படிவத்தை நிரப்பிவிட்டு, மனைவியிடமிருந்து போன் வந்ததும் மனம் மாறி வீட்டுக்குப் போனாலும் ஒரு செக்தான்.

2020 ஏப்ரலில் தென்காசியிலிருந்து அத்தை போன் செய்தார். ஊரடங்கு நேரம், டிவியே கதி.

"ஏலே, அங்க ஒரே மாசத்துல முப்பத்தேழு லட்சம் துப்பாக்கி வித்துருக்காம்லா? நீ எதும் வாங்கித் தொலச்சிட்டியா?"

அந்த மார்ச்சின் செக் எண்ணிக்கை 37 லட்சத்து 40 ஆயிரம். அதுதான் 'விற்பனை' என்ற பெயரில் தென்காசி வரை போயிருக்கிறது. அத்தைக்கு எப்படி விளக்குவது? யோசித்துவிட்டு, "அத்தை, ஜோசியர்கிட்ட இந்த மாசம் எத்தன ஜாதகம் வந்துச்சுன்னு எண்ணி, ஊர்ல அத்தன கல்யாணம் நடந்துச்சுன்னு சொன்னா எப்படி இருக்கும்? அந்த மாதிரி" என்றேன்.

அத்தைக்குப் பட்டென்று பிடிபட்டுவிட்டது. "ஒரே பிள்ளைக்கு நாலு எடத்துல பாப்பாவளே" என்றார். அப்புறம் ஒரு நொடி கழித்து, "சரி, ஜாதகமே பாக்காம ஓடிப்போயி கட்டிக்கிட்டவங்க கணக்கு?"

இந்தத் துறையில் பலரும் வருடக்கணக்காக முட்டிக்கொண்டிருக்கும் கேள்வி அது. உரிமம் பெற்ற கடைக்காரர் விற்றால்தான் மத்திய சட்டப்படி செக் கட்டாயம். என் பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய துப்பாக்கியைக் கென்டக்கியிலேயே இருக்கும் இன்னொருவருக்கு விற்றால் எந்தச் செக்கும் வேண்டியதில்லை. சில மாநிலங்கள் தனியார் விற்பனைக்கும் செக் வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கின்றன, கென்டக்கி அதில் இல்லை. இப்படிக் கைமாறுவது எவ்வளவு? நாற்பது சதவீதம் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது 1994-இல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பிலிருந்து வந்தது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, முந்தைய இரண்டு வருடத்தில் துப்பாக்கி வாங்கியவர்களில் 22 சதவீதம் பேர் செக் இல்லாமல் வாங்கியதாகச் சொன்னது. இதுவும் கேட்டு வாங்கிய பதில்தான். ஆனாலும் ஐந்தில் ஒன்று என்பது லேசான ஓட்டை கிடையாது.

அத்தையிடம் நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு, சொன்னால் போனை வைத்திருப்பார். அதே 2020 மார்ச்சில் மிச்சிகனில் ஒரு விதி மாறியது. அதுவரை அங்கே பெர்மிட்டைக் காட்டி செக் இல்லாமல் வாங்க முடிந்தது. துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்., இனிமேல் அந்தப் பெர்மிட்டை மாற்றாக ஏற்க முடியாது என்று மாதத் தொடக்கத்தில் அறிவித்தது. அலபாமாவுக்கு முந்தைய வருடமே அப்படி ஆகியிருந்தது. ஆக, மிச்சிகனில் அந்த மாதம் ஏறிய செக்கில் எவ்வளவு கொரோனா பயம், எவ்வளவு விதி மாற்றம்? நாட்டின் மொத்தத்தில் இது சின்னத் தொகைதான். ஆனால் மிச்சிகனை மட்டும் வைத்து 'பெருந்தொற்றும் துப்பாக்கி மோகமும்' என்று ஒருவர் கட்டுரை எழுதினால்? என் பனைமரம் போல அவருக்கும் ஒன்று முளைத்திருக்கும்.

துப்பாக்கித் தொழில்காரர்களே இந்த மொத்த எண்ணை நம்புவதில்லை. நேஷனல் ஷூட்டிங் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன் என்று அவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. எஃப்.பி.ஐ. எண்ணிலிருந்து பெர்மிட் சோதனைகளையும் மறுசோதனைகளையும் கழித்து, 'திருத்திய நிக்ஸ்' என்று அது மாதாமாதம் வெளியிடும். சரக்கு விற்பவனுக்கு எவ்வளவு விற்றது என்று தெரிந்தாக வேண்டும், தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டால் கிடங்கில்தான் தேங்கும். அதனால் இந்த விஷயத்தில் மட்டும் நான் பத்திரிகைகளைவிட அவர்களை அதிகம் நம்புகிறேன். 2020-இல் மொத்தம் 3 கோடியே 97 லட்சம், திருத்தியது 2 கோடியே 10 லட்சம். பாதியை ஒட்டி.

எண் பெரிதாக இருப்பதுகூடப் பரவாயில்லை. எப்போதும் ஒரே அளவு பெரிதாக இருந்தால் வகுத்துக்கொண்டு போய்விடலாம். மளிகைக் கடைத் தராசு நூறு கிராம் கூடக் காட்டுகிறது என்று தெரிந்தால் கழித்துக்கொள்ள மாட்டோமா? இந்தத் தராசு ஒரு நாள் கூடக் காட்டுகிறது, ஒரு நாள் குறைத்துக் காட்டுகிறது. சில சமயம் ஏறியதா இறங்கியதா என்பதையே மாற்றிச் சொல்கிறது.

2021 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் 46 லட்சத்து 91 ஆயிரம் செக். அமைப்பு தொடங்கிய நாளிலிருந்து அதுதான் உச்சம், அதுவரை எந்த மாதமும் அதைத் தொட்டதில்லை. 'அமெரிக்காவில் வரலாறு காணாத துப்பாக்கி விற்பனை' என்று தலைப்பு வந்தது. திருத்திய எண் சுமார் 20 லட்சம். முந்தைய மார்ச்சின் திருத்திய எண் 23.7 லட்சம். வரலாறு காணாத உச்சம் என்று சொல்லப்பட்ட மாதத்தில், முந்தைய வருடத்தை ஒப்பிட்டால் விற்பனை இறங்கியிருக்கிறது! இல்லினாய் மாநிலத்திலும் துப்பாக்கி வைத்திருக்க ஓர் அட்டை வேண்டும், அட்டைதாரர்களை அங்கேயும் திரும்பத் திரும்பச் சலிக்கிறார்கள். 2020-இல் இல்லினாய் மட்டும் 74 லட்சம் செக். அந்த ஒரு மாநிலத்தின் கணினி ஒரு வாரம் சுறுசுறுப்பாக ஓடினால் நாட்டின் வரைபடமே நிமிர்ந்து உட்காரும்.

2018-இன் கதை இன்னும் சுவாரசியம். 2016 தேர்தலில் ஹிலாரி ஜெயிப்பார், கட்டுப்பாடுகள் வரும் என்று எதிர்பார்த்து தொழிற்சாலைகள் உற்பத்தியைக் கூட்டின, கடைகள் சரக்கை நிரப்பின. டிரம்ப் ஜெயித்தார். பயம் போனது, கூட்டமும் போனது. 2018 மார்ச்சில் இரண்டு நூற்றாண்டுப் பெயர் கொண்ட ரெமிங்டன் நிறுவனம் திவால் மனு போட்டது. அந்த வருடம் நிக்ஸ் மொத்தம் 2 கோடியே 52 லட்சத்திலிருந்து 2 கோடியே 61 லட்சமாக ஏறியது. திருத்திய எண் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சத்திலிருந்து 1 கோடியே 31 லட்சமாக இறங்கியது. மொத்தத்தை மட்டும் பார்த்தவருக்கு 2018 வியாபாரம் சூடு பிடித்த வருடம். ரெமிங்டன் தொழிலாளியிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

சரி, திருத்திய எண்ணாவது உண்மையான விற்பனையா? அதைச் சோதிக்க ஒருமுறை உட்கார்ந்தேன். அமெரிக்கத் தொழிற்சாலைகள் எத்தனை துப்பாக்கி செய்தன என்று ஏ.டி.எஃப். வருடாவருடம் வெளியிடும். ஒரு வருடம் தாமதமாகத்தான் வரும், ஆனால் அது செய்த பொருளின் கணக்கு. 2016-இல் செய்தது 1 கோடியே 15 லட்சம். இறக்குமதி 51 லட்சம். ஏற்றுமதி நான்கு லட்சத்துக்கும் கீழே. கூட்டிக் கழித்தால் உள்நாட்டுச் சந்தைக்கு வந்தது 1 கோடியே 62 லட்சத்தை ஒட்டி. திருத்திய நிக்ஸ் அந்த வருடம் 1 கோடியே 57 லட்சம். மொத்த நிக்ஸ் 2 கோடியே 75 லட்சம். பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், அவ்வளவு நெருக்கம்.

அப்புறம் உட்கார்ந்தேன். திருத்திய எண்ணில் கடைகள் விற்கும் பழைய துப்பாக்கிகளும் இருக்கின்றன, அவை அந்த வருடம் தொழிற்சாலையிலிருந்து வந்தவை அல்ல. தொழிற்சாலைக் கணக்கில் போலீஸ் வாங்கியவை இருக்கின்றன, அந்தத் தேர்தல் வருடத்தில் விற்காமல் கடையில் தேங்கியவை இருக்கின்றன. ஒரு பக்கத்துத் தப்பும் மறுபக்கத்துத் தப்பும் கட்டிப்பிடித்துக்கொண்டு சமமாக நிற்கலாம். அந்த நெருக்கத்தை நான் பாதிதான் நம்புகிறேன்.

கலிபோர்னியாவில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ஒவ்வொரு கடை விற்பனையையும் மாநில அரசே பதிவு செய்கிறது. 2016-இல் அங்கே பதிவான விற்பனை சுமார் 13 லட்சம். அதே வருடம் கலிபோர்னியாவின் நிக்ஸ் மொத்தம் 23 லட்சத்துக்கு மேல். எண்ண வேண்டும் என்று நினைத்த மாநிலத்தால் எண்ண முடிந்திருக்கிறது.

ஒரு செக்குக்கு எத்தனை துப்பாக்கி என்பதற்கும் ஒரு சூத்திரம் உண்டு. ஜர்கன் பிரவர் என்கிற பொருளாதார ஆய்வாளர் துப்பாக்கிக் கடைக்காரர்களிடம் பேசிப் பார்த்து, கைத்துப்பாக்கி அல்லது நீளத் துப்பாக்கிக்கான ஒரு செக்குக்கு 1.1, ஒன்றுக்கு மேற்பட்ட வகை வாங்கினால் 2 என்று ஒரு பெருக்கு எண் தந்தார். நியூயார்க் டைம்ஸ்கூட இந்த வழியில்தான் மதிப்பிட்டது. கடைக்காரர்களின் அனுபவ மதிப்பீடுதான் அடிப்படை என்றாலும், ஒன்றும் செய்யாமல் மொத்தத்தை அச்சடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இவ்வளவு சுற்றி வளைப்பதற்குப் பதில் நேரடியாக எண்ணினால் என்ன என்று அத்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கும் பதில்: எண்ணக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு வைக்க 1986-இல் வந்த சட்டம் தடை விதிக்கிறது. ஒப்புதல் கிடைத்த செக்கில் வாங்கியவரின் அடையாள விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்று 2004-இலிருந்து நாடாளுமன்றம் கட்டாயப்படுத்தியிருக்கிறது. விற்ற துப்பாக்கியின் விவரம் உள்ள 4473 படிவம் கடைக்காரரின் அலமாரியிலேயே தங்கும். கடையை மூடினால் மட்டும் அந்தக் காகிதங்கள் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏ.டி.எஃப். மையத்துக்குப் போகும், அங்கேயும் அவற்றை வாங்கியவரின் பெயரைப் போட்டுத் தேட முடியாது. மார்ட்டின்ஸ்பர்க்கும் மேற்கு வர்ஜீனியாதான். ஒரே மாநிலத்தில் இரண்டு ஊர். ஒன்றில் ஆள் விவரம் வந்து மறுநாள் அழிகிறது, மற்றதில் துப்பாக்கி விவரம் பெட்டி பெட்டியாக வந்து குவிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாதபடி வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். பதிவேடு வைத்தால் நாளைக்கு ஓர் அரசு அதை வைத்துப் பறிமுதல் செய்யும் என்கிற பயம் இங்கே பலருக்கு நிஜமான பயம். அவர்களோடு பழகிய பிறகு அதை நான் கேலி செய்வதில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலையில் இந்த மூட்டமான எண்ணும் ஒன்று. விலை சரியா என்பதில் எனக்கும் அந்தப் பின்வரிசை நண்பருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. விற்பனையை எண்ணினால் போதும், ஆள் பெயர் வேண்டாமே என்பேன். "இன்றைக்கு எண் கேட்பார்கள், நாளைக்குப் பெயர் கேட்பார்கள்" என்பார் அவர்.

இப்போது இதே தராசு வேறொரு விதமாக ஆடிக்கொண்டிருக்கிறது. பெர்மிட் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று மாநிலம் மாநிலமாகச் சட்டம் மாறிவருகிறது. கென்டக்கியில் 2019-இல் மாறியது, டெக்சாஸில் 2021-இல். பெர்மிட் தேவையில்லாதபோது அதற்கு விண்ணப்பிப்பவர் குறைவார், அந்தச் செக்குகள் குறையும், மொத்தம் இறங்கும். அதைப் பார்த்து 'மக்களுக்குத் துப்பாக்கி ஆசை தணிந்துவிட்டது' என்று யாராவது எழுதாமல் இருக்க வேண்டும். வட கரோலினாவில் இதற்கு நேர் எதிர். அங்கே கைத்துப்பாக்கி வாங்க ஷெரிப்பிடம் முன்கூட்டியே வாங்கும் ஓர் அனுமதிச் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டுக்கான சோதனை 'பெர்மிட்' பத்தியில் விழும், கடையில் சீட்டைக் காட்டி வாங்குவது எந்தப் பத்தியிலும் விழாது. 2023 மார்ச்சில், ஆளுநரின் மறுப்பையும் மீறி, சட்டமன்றம் அந்த முறையை ஒழித்தது. மறுநாளிலிருந்து, மறைத்து எடுத்துச் செல்லும் பெர்மிட் கையில் இல்லாதவர் வாங்கும் கைத்துப்பாக்கிக்குக் கடையிலேயே செக். திருத்திய எண்ணும் அங்கே திடீரென்று உயரத்தான் செய்யும், ஒரு துப்பாக்கி கூடுதலாக விற்காவிட்டாலும்.

அப்படியானால் இந்தப் பட்டியலைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், நான் எறியவில்லை. ஒவ்வொரு மாதமும் திறந்து பார்க்கிறேன், பழக்கமாகிவிட்டது. மொத்தப் பத்தியைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். கைத்துப்பாக்கி, நீளத் துப்பாக்கி, இரண்டும் சேர்ந்தது என்று மூன்று பத்தி மட்டும். ஒரு மாநிலத்தை இன்னொரு மாநிலத்தோடு ஒப்பிடுவதில்லை. அதே மாநிலத்தின் அதே மாதத்தைப் போன வருடத்தோடு ஒப்பிடுகிறேன், இடையில் சட்டம் ஏதும் மாறவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு. இப்படிப் பார்த்தால் அது ஒரு சுமாரான காய்ச்சல்மானி. நியூடவுன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 2012 டிசம்பரில் 27 லட்சத்து 83 ஆயிரம் செக் என்று அது காட்டிய காய்ச்சல் நிஜம். 2020 மார்ச்சில் கடைவாசலில் நின்ற வரிசையை நானே பார்த்தேன், அதுவும் நிஜம். எத்தனை டிகிரி என்றுதான் அதைக் கேட்கக் கூடாது.

போன அக்டோபரில் அந்த நண்பரோடு டிக்ஸி ஹைவே பக்கம் ஓர் அடகுக் கடைக்குப் போனேன். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பழைய தொலைநோக்கி ஒன்று குறைந்த விலைக்கு வந்திருப்பதாக யாரோ சொன்னார்களாம். இந்த ஊர் அடகுக் கடையில் கிதார் தொங்கும், புல்வெட்டும் இயந்திரம் நிற்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் கல்யாண மோதிரம் இருக்கும், சுவரில் வரிசையாக ரைபிள். நம் ஊரில் நகை வைப்பது மாதிரி இங்கே துப்பாக்கி வைப்பார்கள். வைத்ததைத் திருப்ப வந்தால், அது அவருடைய சொந்தத் துப்பாக்கியே ஆனாலும், மறுபடி 4473, மறுபடி செக். பட்டியலில் 'மீட்பு' என்று தனிப் பத்தி இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நடந்து பார்த்ததில்லை.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது முப்பது வயது இருக்கும் ஒருவர் வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், சட்டையில் சுண்ணாம்புத் தூள். ரசீதை நீட்டினார். கடைக்காரர் அதைப் பார்க்காமலே சுவரிலிருந்து ஒரு ரைபிளை எடுத்து வைத்து, படிவத்தையும் பேனாவையும் தள்ளினார். அவரும் பார்க்காமலே கட்டம் கட்டமாக டிக் அடித்துக்கொண்டு போனார்.

"இந்த வருஷத்தில் எத்தனாவது?" என்றார் கடைக்காரர்.

"ஐந்து. ஏன், ஆறா?"

என் நண்பர், பெர்மிட் எடுத்துவிட்டால் இந்தச் செக்கே வேண்டாமே, காட்டினால் போதுமே என்றார்.

"அதற்கு 60 டாலர். அது கையில் இருந்தால் இந்தக் கடைக்கு ஏன் வருகிறேன்?"

கடைக்காரர் கணினியில் தட்டினார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். தரலாம் என்று வந்தது. அவர் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, மான் சீசன் முடிந்ததும் பார்க்கலாம் என்று சொல்லி ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.